பூட்டிய கதவும் புகுந்த கிருமியும்

2020 மார்ச் 13 அன்று அமெரிக்காவின் முதியோர் பராமரிப்பு இல்லங்களுக்கு மத்திய அரசிடமிருந்து ஓர் அறிவுறுத்தல் போனது. சாகும் தறுவாயில் இருப்பவரைக் காண வருவோரைப் போன்ற மிகச் சிலரைத் தவிர, பார்வையாளர் யாரையும் உள்ளே விடவேண்டாம் என்றது அது. மகனுக்கும் மகளுக்கும் பேரக்குழந்தைக்கும் வாசல் அடைபட்டது. கனடா, பிரிட்டன், பிரான்ஸ், ஸ்பெயின் எங்கும் இதே நிலைதான். உள்ளே இருந்தவர்களில் பலர் பிறர் துணையில்லாமல் கட்டிலைவிட்டு இறங்க முடியாதவர்கள். அவர்கள் கடைக்குப் போகவில்லை, பேருந்தில் ஏறவில்லை, கல்யாணங்காட்சிக்குப் போகவில்லை. நாட்டிலேயே மிகக் கட்டுப்பாடாக வீட்டுக்குள் இருந்தவர்கள் என்று அவர்களைத்தான் சொல்லவேண்டும். அப்படியிருந்தும் கொரோனாவின் முதல் அலை அவர்களைத்தான் வாரிக்கொண்டு போனது. கனடாவில் முதல் அலையில் இறந்தவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் இத்தகைய இல்லங்களில் வாழ்ந்தவர்கள்.

வெளியே காலெடுத்து வைக்காதவர்களுக்கு எப்படித் தொற்றியது?

“வயசாகிவிட்டது, தாங்கவில்லை” என்று பலர் சொன்னார்கள். அது பாதிக் கேள்விக்குத்தான் பதில். தொற்றிய பிறகு ஏன் பிழைக்க முடியவில்லை என்பதை முதுமை விளக்கும். ஆனால் முதுமை கிருமியை வரவழைக்காது. யாரோ ஒருவர் அதை உள்ளே கொண்டுவந்திருக்க வேண்டும். அது யார், ஏன் தடுக்க முடியாமல் போனது என்பதுதான் மீதிப் பாதி. அந்தப் பாதிக்கு அறிவியல் கண்ட விடை, முதியவர்களைப் பற்றியதைவிட அவர்களைக் குளிப்பாட்டி, உடை மாற்றி, சோறூட்டி விடுகிறவர்களைப் பற்றியதாக இருந்தது.

துப்பு முதலில் கிடைத்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தை உள்ளடக்கிய கிங் கவுண்டியில். அங்கே கர்க்லாண்ட் என்ற ஊரின் பராமரிப்பு இல்லம் ஒன்றில் 2020 பிப்ரவரி 28 அன்று முதல் தொற்று உறுதியானது. மார்ச் 18க்குள் அந்த ஒரே இல்லத்தோடு தொடர்புடைய 167 பேருக்குத் தொற்று. அவர்களில் 101 பேர் அங்கே வசித்தவர்கள், 50 பேர் பணியாளர்கள், 16 பேர் பார்க்க வந்தவர்கள். தொற்றிய முதியவர்களில் மூவரில் ஒருவர் இறந்துபோனார். விசாரணைக்குப் போன தொற்றுநோயியல் வல்லுநர்கள் எழுதிவைத்த காரணங்களில் இரண்டு முக்கியமானவை: உடம்பு சரியில்லாத பணியாளர்கள் வேலைக்கு வந்திருந்தார்கள், சிலர் ஒன்றுக்கு மேற்பட்ட இல்லங்களில் வேலை பார்த்தார்கள்.

அதே கவுண்டியின் இன்னொரு இல்லத்தில்தான் புதிர் பாதி அவிழ்ந்தது. அங்கே பணியாளர் ஒருவருக்குத் தொற்று உறுதியானதும், காய்ச்சல், இருமல் உள்ளவர்களைத் தேடித் தனிமைப்படுத்தினார்கள். அன்றைக்கு உலகம் முழுக்க நடந்தது அதுதான்: இருமுகிறவரைக் கண்டுபிடி, பிரித்து வை. ஆனால் மார்ச் 13 அன்று ஆய்வாளர்கள் ஒரு படி மேலே போனார்கள். அறிகுறி இருக்கிறதோ இல்லையோ, சம்மதித்த எல்லாருக்கும் பரிசோதனை செய்தார்கள். ஒரு வாரம் கழித்து மீண்டும் செய்தார்கள். பங்கேற்ற 76 முதியவர்களில் 48 பேருக்குத் தொற்று இருந்தது. அந்த 48 பேரில் 27 பேருக்குப் பரிசோதனை நாளில் எந்த அறிகுறியும் இல்லை. அடுத்த சில நாட்களில் அந்த 27 பேரில் 24 பேருக்கு நோய் வெளிப்பட்டது.

இந்த 24 பேர்தான் முக்கியம். கிருமி உடலுக்குள் வந்துவிட்டது, பெருகுகிறது, ஆனால் அவருக்கே தெரியவில்லை. இதை அறிகுறிக்கு முந்தைய நிலை என்கிறார்கள். இங்கே ஒரு சந்தேகம் வரலாம், வரவும் வேண்டும். பிசிஆர் பரிசோதனை வைரஸின் மரபணுத் துணுக்குகளைத்தான் கண்டுபிடிக்கிறது. செத்த வைரஸின் துணுக்கும் அதற்கு ஒன்றுதான். அப்படியானால் இவர்கள் பிறருக்குப் பரப்பக்கூடியவர்கள் என்று எப்படிச் சொல்வது? ஆய்வாளர்கள் மூக்கில் எடுத்த மாதிரிகளை ஆய்வகத்தில் உயிருள்ள செல்கள்மேல் இட்டு, வைரஸ் வளர்கிறதா என்று பார்த்தார்கள். அறிகுறிக்கு முந்தைய நிலையில் எடுத்த 24 மாதிரிகளில் 17-இல் வைரஸ் வளர்ந்தது. ஒருவருக்கு அறிகுறி தோன்றுவதற்கு 6 நாள் முன்னரே எடுத்த மாதிரியிலும் அது உயிரோடு இருந்தது. இருமுகிறவரைத் தேடிப் பிரிக்கும் முறை ஏன் தோற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அது எப்போதும் சில நாட்கள் பிந்தித்தான் வந்துசேர்ந்தது.

முதியவர்களிடம் இந்தத் தாமதம் இன்னும் கூடும். உடல் வெப்பமே அவர்களிடம் வேறுவிதமாக நடந்துகொள்கிறது. தளர்ந்த முதியவரின் இயல்பான வெப்பநிலை இளையவரைவிடக் குறைவாக இருப்பது சாதாரணம். தொற்று வந்தாலும் அது பெரிதாக ஏறுவதில்லை. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான பராமரிப்பு இல்லங்களில் தொற்று உறுதியானவர்களின் வெப்பநிலைப் பதிவுகளைப் புரட்டிப் பார்த்தபோது, 38 டிகிரி செல்சியஸைத் தொட்டவர்கள் ஏறக்குறைய நால்வரில் ஒருவர்தான். வெப்பமானியை நெற்றிக்கு நேரே நீட்டி “காய்ச்சல் இல்லை” என்று குறித்துக்கொண்ட ஒவ்வொரு முறையும், நால்வரில் மூவரைத் தவறவிடும் சல்லடையைத்தான் கையில் வைத்திருந்தார்கள். முதியவரிடம் நோயின் முதல் அடையாளம் வேறு எதுவாகவும் இருக்கலாம்: காலையில் சாப்பாடு வேண்டாமென்று தள்ளுவார், திடீரென்று பேச்சு குழறும், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் தடுமாறுவார், கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுவார். இவற்றைக் கவனிக்க வெப்பமானி போதாது. அவரை நேற்றும் அதற்கு முந்தைய நாளும் பார்த்த கண் வேண்டும்.

இதற்கு அடியில் இருப்பது நோயெதிர்ப்பு முதுமை. மார்பெலும்புக்குப் பின்னால் தைமஸ் என்றொரு சுரப்பி இருக்கிறது. இதுவரை கண்டிராத கிருமியை எதிர்கொள்ளத் தயாராக இருக்கும் ‘டி’ செல்கள் அங்கேதான் பக்குவப்படுகின்றன. பருவ வயதுக்குப் பின் தைமஸ் சுருங்கத் தொடங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாக மாறிவிடுகிறது. ஆகவே எண்பது வயதுக்காரரின் உடம்பில் பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் செல்கள் நிறைய இருக்கும். புதிய கிருமிக்கான செல்கள் அருகிப்போயிருக்கும். கொரோனா எல்லாருக்கும் புதியது என்பதே அவருக்குக் கூடுதல் ஆபத்தாகிவிட்டது.

இனி கதவுக்கு வருவோம். ஓர் இல்லத்தில் 100 பேர் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சுற்றியுள்ள ஊரில் 200 பேருக்கு ஒருவர் தனக்கே தெரியாமல் கிருமியைச் சுமக்கிறார். குறிப்பிட்ட ஒரு பணியாளரிடம் கிருமி இல்லாதிருக்க 200-க்கு 199 வாய்ப்பு. மிக நல்ல வாய்ப்புத்தான். ஆனால் 100 பேரில் ஒருவரிடம்கூட இல்லாதிருக்க வேண்டுமே! அந்த 199/200-ஐ நூறு முறை பெருக்கிப் பார்த்தால் 100-க்கு 61-தான் மிஞ்சுகிறது. அதாவது, யாரோ ஒருவர் கிருமியோடு உள்ளே நுழைய 39 சதவீத வாய்ப்பு. ஊரில் தொற்று 1000 பேருக்கு ஒருவர் என்று குறைந்தால் இதே இல்லத்துக்கு அந்த வாய்ப்பு 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும். அல்லது ஊர் அப்படியே இருக்க, 20 பேர் மட்டும் வேலை செய்யும் சிறிய இல்லமாக இருந்தாலும் 10 சதவீதத்துக்குள்தான். வாய்க்காலில் தண்ணீர் ஏறிவிட்டால் வரப்பை எவ்வளவு உயர்த்தினாலும் வயலுக்குள் கசியத்தான் செய்யும். ஒரு நண்டு வளை போதும். இல்லத்தின் தலைவிதியை முதலில் எழுதுவது ஊரின் நீர்மட்டம்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. அமெரிக்காவில் பராமரிப்பு இல்லங்களுக்கு அரசு நட்சத்திரத் தரம் கொடுக்கிறது. முதல் அலையில் எந்த இல்லங்களுக்குள் தொற்று நுழைந்தது என்று ஆராய்ந்தவர்கள், ஐந்து நட்சத்திர இல்லம் என்பதால் அது தப்பிவிடவில்லை என்று கண்டார்கள். நுழைவை நிர்ணயித்தவற்றுள் முக்கியமானவை இல்லத்தின் அளவும் அது இருந்த இடமும். ஆனால் நுழைந்த பிறகு கதை மாறுகிறது. கனெக்டிகட் மாநிலத்தில் தொற்று நுழைந்துவிட்ட இல்லங்களை ஒப்பிட்டார்கள். ஒரு முதியவருக்கு நாளொன்றுக்குக் கிடைக்கும் பதிவுபெற்ற செவிலியர் நேரம் 20 நிமிடம் கூடினால் தொற்று 22 சதவீதமும் இறப்பு 26 சதவீதமும் குறைவாக இருந்தன. இருபது நிமிடம்! அந்த நேரத்துக்குள் ஒருவரின் சோர்வைக் கவனிக்கலாம், கையுறையை ஒழுங்காக மாற்றலாம், அடுத்த அறைக்குப் போகுமுன் கை கழுவலாம்.

இங்கிலாந்தில் வேறொரு வாசல் பெரிய விவாதமானது. 2020 மார்ச் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை சுமார் 25,000 நோயாளிகள் மருத்துவமனைகளிலிருந்து பராமரிப்பு இல்லங்களுக்கு அனுப்பப்பட்டார்கள். எல்லாருக்கும் பரிசோதனை நடக்கவில்லை. அந்தக் கொள்கையில் சட்டப் பிழை இருந்ததாக 2022-இல் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மக்களின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு வாசலை மட்டும் மூடியிருந்தால் போதும் என்று எண்ணினால் தவறிவிடுவோம். மருத்துவமனையிலிருந்து ஒருவர் ஒருமுறைதான் வருகிறார். பணியாளர்களோ ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் வந்து போகிறார்கள். வராமல் இருக்கவும் முடியாது. வராவிட்டால் யார் சோறூட்டுவது?

அவர்கள் ஓர் இல்லத்துக்கு மட்டும் வருவதில்லை என்பதுதான் அடுத்த சிக்கல். எத்தனை பேர் இரண்டு இடங்களில் வேலை செய்கிறார்கள் என்பதற்கு அமெரிக்காவில் எந்தப் பதிவேடும் இல்லை. மூன்று ஆய்வாளர்கள் ஒரு சுற்றுவழியைக் கண்டுபிடித்தார்கள். பெயர் நீக்கப்பட்ட 5 கோடி ஸ்மார்ட்போன்களின் இருப்பிடத் தரவுகளை எடுத்து, பார்வையாளர் தடைக்குப் பிறகான 11 வாரங்களில் ஏதாவது ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஒரு மணி நேரமாவது இருந்த போன்களைப் பிரித்தார்கள். அவற்றில் 5.1 சதவீதம் இன்னோர் இல்லத்துக்கும் போயிருந்தன. பார்க்க வருகிறவர்கள்தான் அடியோடு நிறுத்தப்பட்டிருந்தார்களே. ஆகவே இவை பெரும்பாலும் பணியாளர்களின், ஒப்பந்தக்காரர்களின் போன்கள். 5 சதவீதம் சின்ன எண்ணாகத் தோன்றும். ஆனால் அந்தக் கோடுகளை வரைபடத்தில் இணைத்துப் பார்த்தால், சராசரியாக ஓர் இல்லம் வேறு 7 இல்லங்களோடு பிணைந்திருந்தது. எந்த இல்லத்துக்குப் பிணைப்பு அதிகமோ அங்கே தொற்றும் அதிகம். தனித்தனியாகப் பூட்டிய ஆயிரக்கணக்கான கட்டடங்கள் என்று நாம் நினைத்தவை, கிருமியின் கண்ணுக்கு ஒரே பின்னல்.

ஏன் இரண்டு இடங்களில் வேலை? ஓரிடத்துச் சம்பளம் போதாது என்பதால். முழுநேர வேலை கொடுத்தால் விடுப்பும் காப்பீடும் தரவேண்டியிருக்கும் என்று பல இல்லங்கள் பகுதிநேர வேலையே தருகின்றன. டொராண்டோ பக்கம் வாழும் தமிழர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. காலையில் ஓர் இல்லம், மாலையில் இன்னோர் இல்லம், நடுவே பேருந்து என்று ஓடும், பி.எஸ்.டபிள்யூ எனப்படும் பராமரிப்பு உதவியாளர் அக்காக்களை அவர்கள் நன்கு அறிவார்கள். உடம்பு சரியில்லை என்று வீட்டிலிருந்தால் அன்றைய கூலி போய்விடும். இங்கிலாந்தில் ஆயிரக்கணக்கான இல்லங்களை ஆராய்ந்த ‘விவால்டி’ ஆய்வு இந்த இடத்தைத்தான் தொட்டது. நோய்விடுப்புக்குச் சம்பளம் தந்த இல்லங்களில் முதியவர்களுக்குத் தொற்று குறைவாக இருந்தது. ஏஜென்சி மூலம் மாறிமாறி ஆட்களை எடுத்த இல்லங்களில் அதிகமாக இருந்தது. ஒரு பணியாளரின் சம்பளச் சீட்டில் இருக்கும் ஒரு வரி, அவர் பராமரிக்கும் பாட்டியின் நுரையீரலைத் தொடுகிறது. முகக்கவசத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பற்றியும் நாம் பேசியிருக்க வேண்டும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் இதைச் சீக்கிரமே புரிந்துகொண்டது. 2020 மார்ச் இறுதியிலேயே, ஒருவர் ஓர் இல்லத்தில் மட்டுமே வேலை செய்யலாம் என்று ஆணையிட்டது. அதோடு நிற்காமல் இல்லங்களுக்கிடையே ஊதியத்தையும் சமப்படுத்தியது. ஒன்டாரியோவின் ஆணை ஏப்ரல் 22-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதிலும் ஏஜென்சி ஆட்களுக்கு விலக்கு இருந்தது. நண்டு வளையை அடைக்காமல் விட்ட கதை.

பணியாளர்கள் வீட்டுக்கே போகாமல் இல்லத்திலேயே தங்கிவிட்டால்? பிரான்ஸில் சிலர் அதைச் செய்து பார்த்தார்கள். லியோன் நகரத்தை ஒட்டிய கோர்பாஸில் ஓர் இல்லத்தின் பணியாளர்கள் 29 பேர் மெத்தைகளை எடுத்துவந்து தரையில் விரித்துப் படுத்து, 106 முதியவர்களோடு உள்ளேயே தங்கத் தொடங்கினார்கள்; அந்த அடைப்பு 47 நாட்கள் நீடித்தது. இப்படிப் பணியாளர்கள் தாமாக முன்வந்து அடைந்துகொண்ட 17 இல்லங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது, ஒரே ஓர் இல்லத்தில்தான் தொற்று நுழைந்திருந்தது. நாடு முழுவதும் கிட்டத்தட்ட பாதி இல்லங்களில் நுழைந்திருந்தது. அந்த 17 இல்லங்களில் 1250 முதியவர்களுக்கு 5 பேர், அதாவது 0.4 சதவீதம் பேர், கொரோனாவால் இறந்தார்கள். நாட்டுச் சராசரி 1.8 சதவீதம். இந்த எண்களைப் பார்த்து உடனே ஒரு முடிவுக்குத் தாவக் கூடாது. இது சீட்டுக் குலுக்கிப் பிரித்த சோதனை அல்ல. குடும்பத்தைப் பிரிந்து தரையில் படுக்கப் பணியாளர்கள் தாமே முன்வரும் இல்லம் ஏற்கெனவே நல்ல இல்லமாகத்தான் இருந்திருக்கும். அவர்களின் தியாகத்தை எல்லா இல்லங்களுக்கும் விதியாக்கவும் முடியாது. ஆனால் கிருமி வந்த வழி எது என்ற கேள்விக்கு இது வலுவான துப்பு.

விதியாக்கக்கூடியது வேறொன்று இருந்தது: அறிகுறி இல்லாவிட்டாலும் பணியாளர்களுக்கு அடிக்கடி பரிசோதனை. 13,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க இல்லங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வில், தடுப்பூசிக்கு முந்தைய மாதங்களில், அடிக்கடி பரிசோதித்த இல்லங்களில் இறப்பு ஏறத்தாழ கால்பங்கு குறைவாக இருந்தது.

கிருமி உள்ளே வந்தபின் எவ்வளவு தூரம் போகும் என்பதைக் கட்டடம் தீர்மானிக்கிறது. ஒன்டாரியோவின் 618 இல்லங்களை ஆராய்ந்தபோது, ஓர் அறைக்கும் குளியலறைக்கும் அதிகம் பேர் இருந்த இல்லங்களில் தொற்று 9.7 சதவீதம், நெருக்கடி குறைந்த இல்லங்களில் 4.5 சதவீதம். நான்கு கட்டில் அறைகளை எல்லாம் இரண்டு கட்டில் அறைகளாக மாற்றியிருந்தால் 263 பேரின் சாவு தவிர்ந்திருக்கும் என்று கணினி மாதிரி காட்டியது. நான்கு கட்டில் அறை என்பது எப்போதோ பணம் மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு.

நெதர்லாந்தின் ஓர் இல்லத்தில் நடந்தது இன்னும் நுட்பமானது. ஏழு பிரிவுகள் கொண்ட கட்டடம். ஒரே ஒரு பிரிவில் 21 முதியவர்களில் 17 பேருக்கும், 34 பணியாளர்களில் 17 பேருக்கும் தொற்று. மற்ற ஆறு பிரிவுகளில் ஒருவருக்கும் இல்லை. முதியவர்களைப் பராமரிக்கும்போது பணியாளர்கள் முகக்கவசம் அணிந்தே இருந்தார்கள். பிறகு என்ன வித்தியாசம்? அந்தப் பிரிவில் மட்டும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் புதிய காற்றோட்ட முறையைப் பொருத்தியிருந்தார்கள். அறையில் கரியமில வாயு ஓர் அளவைத் தாண்டினால்தான் அது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அதுவரை உள்ளிருக்கும் காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும். ஆய்வாளர்கள் ஏசியின் வலையில் படிந்த தூசியைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். அதில் கொரோனா வைரஸின் மரபணு இருந்தது. பேசும்போதும் மூச்சுவிடும்போதும் வெளிப்படும் நுண்திவலைகள் காற்றில் மிதந்து, சுழன்று, அறை முழுக்கப் பரவியிருக்கின்றன. மேசையைத் துடைக்கக் கிருமிநாசினிக்குச் செலவிட்ட காசில் ஒரு பங்கையாவது சன்னலுக்கும் காற்று வடிகட்டிக்கும் செலவிட்டிருக்கலாம்.

தடுப்பூசி வந்ததும் இந்தக் கணக்குகள் எல்லாம் ஒரே வீச்சில் மாறின. தைமஸ் சுருங்கியவர்களுக்கு எதிர்ப்பாற்றல் மெதுவாக ஏறி விரைவில் இறங்கும் என்பதால் கூடுதல் டோஸ் தேவைப்பட்டது. ஆனாலும் சாவைத் தடுப்பதில் அதற்கு ஈடாக எதுவும் இருக்கவில்லை. ஹாங்காங் இதை மிகக் கசப்பாகக் கற்றது. 2003-இன் சார்ஸ் நோயில் அடிபட்ட அந்த நகரம், ஒவ்வொரு முதியோர் இல்லத்திலும் தொற்றுத்தடுப்பு அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்திருந்தது. ஒத்திகைகள் நடந்தன, முகக்கவசம் இருப்பில் இருந்தது. 2020-இன் முதல் மாதங்களில் ஐரோப்பிய இல்லங்கள் தத்தளித்தபோது ஹாங்காங் இல்லங்களில் ஒரு சாவுகூட இல்லை. ஆனால் அந்த வெற்றியே பலருக்குத் தடுப்பூசி அவசரமில்லை என்ற எண்ணத்தைக் கொடுத்தது. 2022 தொடக்கத்தில் ஒமிக்ரான் என்ற கொரோனா திரிபு நுழைந்தபோது 80 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் ஒரு டோஸ்கூடப் போட்டிருக்கவில்லை. சில மாதங்களில் 9,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் இல்லங்களில் வாழ்ந்த முதியவர்கள்.

பூட்டிய கதவு கிருமியை நிறுத்தவில்லை, நிறுத்தியது மகளை. இதை ஒரு பக்கவிளைவு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பராமரிப்பு இல்லத்துக்குத் தினமும் வரும் உறவினர் வெறும் பார்வையாளர் அல்லர். அம்மாவுக்கு ஒரு வாய் ஊட்டுகிறவர், தாகமா என்று கேட்கிறவர், “இன்றைக்கு அம்மா ஒருமாதிரி இருக்கிறார்” என்று வெப்பமானிக்கு முன்பே கண்டுபிடிக்கிறவர். மறதிநோய் முற்றியவருக்குக் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கையசைப்பது யார் என்றே புரியாது. நெதர்லாந்தில் 2020 மே மாதத்தில் 26 இல்லங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு முதியவருக்கும் ஒரு குறிப்பிட்ட உறவினரை மட்டும் கட்டுப்பாடுகளோடு உள்ளே விட்டுப் பார்த்தார்கள். கண்காணித்த அந்த வாரங்களில் புதிய தொற்று எதுவும் பதிவாகவில்லை; முதியவர்கள் மலர்ந்தார்கள் என்று பணியாளர்களே சொன்னார்கள். ஒன்டாரியோ அந்த ஆண்டு செப்டம்பரில் ‘இன்றியமையாத பராமரிப்பாளர்’ என்றொரு வகையை உண்டாக்கி, ஒரு முதியவருக்கு இருவர் வீதம் அனுமதித்தது. பயிற்சி, முகக்கவசம், பரிசோதனை எல்லாம் பணியாளர்களுக்குப் போலவே அவர்களுக்கும் பொருந்தும். மார்ச் மாதத்திலேயே அப்படிச் செய்திருக்க முடியாதா என்றால், பரிசோதனைக் கருவிகளும் முகக்கவசங்களும் அப்போது மருத்துவமனைகளுக்கே போதவில்லை. இல்லங்கள் வரிசையின் கடைசியில் நின்றன. அடுத்த பெருந்தொற்றுக்கு இருப்பு வைக்கும்போது அந்த வரிசையை யார் எழுதுகிறார்கள் என்பதை இப்போதே கேட்கலாம்.